பழைய வீடு, போர் மோட்டார், சோலார், மில்: நாலுக்கும் ஒரே கிளாம்ப் மீட்டர் போதுமா?

வளவுவயரிங் (கானாடுகாத்தான்) கேட்டது:

அண்ணன்மாருக்கு வணக்கம். கையில இருக்கறது 400 ஆம்ப்ஸ், ஏசி மட்டும் பார்க்கிற சாதாரண கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாம, சுத்திப் பிடிச்சே கரண்ட் அளக்கிறது). வேற வாங்கணும். வர்ற வேலை நாலு வகை.

பழைய செட்டியார் வீடுகள், அதுல சிலது இப்ப தங்கும் விடுதி. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு நீளமா போற வீடு. பாதி வயரிங் புதுசு, பாதி மரப்பட்டை மேல ஓடுற பழசு. மழை பிடிச்சா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) விழுது, எங்கேன்னு பிடிபட மாட்டேங்குது. அடுத்தது கல்லல் பக்கம் தோட்டங்கள்ல 5, 7.5 ஹெச்பி போர் மோட்டார். மூணாவது மாடி சோலாரும் வீட்டு யூபிஎஸ் பேட்டரியும். எப்பவாவது புதுவயல் அரிசி மில்லுல பேனல் போர்டு வேலையும் வரும்.

1000 ஆம்ப்ஸ் மீட்டரா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆச்சுன்னு கடையில சொல்றாங்க. ட்ரூ ஆர்எம்எஸ் நிஜமாவே வேணுமா? ஒரே மீட்டர்ல முடியாதுன்னா முதல்ல எது, பிறகு எது?

———

ஆம்ப்ஸ்கணக்கு எழுதியது:

தம்பி, 1000ங்கிற நம்பரை விட்டுருங்க. நீங்க அளக்கப்போற கரண்ட்ல மிகச் சின்னது எவ்வளவுன்னு முதல்ல எழுதிக்குங்க. மீட்டர் தப்பு காட்டுறது பெரிய கரண்ட்ல இல்ல, சின்ன கரண்ட்லதான்.

அட்டைப் பெட்டியில "±2% + 5 டிஜிட்"னு போட்டிருப்பான். எல்லாரும் அந்த 2 சதவீதத்தை மட்டும் பார்ப்பாங்க. 400.0 ரேஞ்ச்ல கடைசி டிஜிட்ங்கிறது 0.1 ஆம்ப்ஸ். 5 டிஜிட்னா 0.5 ஆம்ப்ஸ். அப்ப 1 ஆம்ப்ஸ் ஓடுற ஒரு ஃபேன் சர்க்யூட்டை அளந்தா, மீட்டர் 0.5ன்னு காட்டினாலும் கம்பெனி கணக்குல அது சரி, 1.5ன்னு காட்டினாலும் சரி. அதே 5 டிஜிட் 40.00 ரேஞ்ச்ல 0.05 ஆம்ப்ஸ்தான். 1 ஆம்ப்ஸுக்கு மொத்தப் பிழை 0.07. ஃப்ளூக் 376 எஃப்சி 1000 ஆம்ப்ஸ் வரைக்கும் போற, நல்ல பேர் வாங்கின மீட்டர். ஆனா அதோட ஜாவுல (வயரைப் பிடிக்கிற வாய்) கடைசி டிஜிட் 0.1 ஆம்ப்ஸ். ஃப்ளூக் 325ல 40.00 ரேஞ்ச் இருக்கு, கடைசி டிஜிட் 0.01. வீட்டு வேலைக்குச் சின்னதுதான் பொருத்தம்.

இப்ப இருக்கிற மீட்டரை வச்சே சின்ன கரண்ட் அளக்க ஒரு வழி இருக்கு. வயரை ஜாவுக்குள்ள பத்துச் சுத்து சுத்தி, வர்ற ரீடிங்கைப் பத்தால வகுங்க. எத்தனை தடவை வயர் ஜாவோட உள்பக்கம் கடக்குதோ அத்தனைதான் கணக்கு.

ஏசி மட்டும் பார்க்கிற மீட்டருக்குள்ள இருக்கறது வெறும் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) காயில். டிசி ஓடினா அதுல ஒண்ணும் தூண்டப்படாது, எவ்வளவு ஓடினாலும் சைபர்தான். டிசி பார்க்க, காந்தப்புலத்தை நேரா உணர்ற ஹால் சென்சார் வச்ச மீட்டர் வேணும். சோலார், பேட்டரி ரெண்டும் உங்க பட்டியல்ல இருக்கறதால ஏசி-டிசி மீட்டரைத் தவிர வேற யோசனையே வேண்டாம். ஹால் சென்சார்ல ஒரு பழக்கம் கட்டாயம். அளக்கப்போற இடத்துக்கே கொண்டு போய், அதே கோணத்துல பிடிச்சு, வயர் இல்லாம ஜாவை மூடி, ஜீரோ பட்டனை அழுத்தணும். பூமியோட காந்தப்புலமும், முன்னால பெரிய டிசி அளந்ததுல ஜாவுல தங்கின காந்தமும் அதுல கழியும். வயரை உள்ளே விட்டுட்டு ஜீரோ அழுத்தினா அந்தக் கரண்டே சைபராகிடும். அதுக்கப்புறம் வர்ற எந்த ரீடிங்கும் உதவாது.

ட்ரூ ஆர்எம்எஸ் வெறும் பேர் இல்ல, அலை எந்த வடிவத்துல இருந்தாலும் கரண்டோட நிஜ அளவைக் காட்டுறது. சாதாரண மீட்டர் சராசரியை அளந்து, அலை சுத்தமான சைன்னு வச்சுக்கிட்டு 1.11ஆல பெருக்கிக் காட்டுது. ஹீட்டர், ஃபேன், நேரா ஓடுற மோட்டார்ல பெரிய வித்தியாசம் வராது. எல்இடி, டிவி, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி மாதிரி ரெக்டிஃபையர் வச்ச லோடு கரண்டை மேடு மேடாத்தான் இழுக்கும். அங்கே சாதாரண மீட்டர் 40 சதவீதம் வரைக்கும் குறைச்சுக் காட்டும். 10 ஆம்ப்ஸ் ஓடுற வயர்ல 6ன்னு பார்த்துட்டு "இன்னும் இடம் இருக்கே"ன்னு அடுத்த லோடையும் அதுலயே கோத்துடுவாங்க. மர உத்தரம் போட்ட வீட்டுல இதைச் செய்யவே கூடாது.

———

கிணத்துமோட்டார் எழுதியது:

மோட்டாருக்கு நான் சொல்றேன். ட்ரூ ஆர்எம்எஸ் இங்கே அவ்வளவு முக்கியமில்ல. 0.1 ஆம்ப்ஸ் தெளிவா தெரியணும், இன்ரஷ் (ஸ்டார்ட் ஆகிற நொடியில இழுக்கிற கரண்ட்) பட்டன் இருந்தா நல்லது.

5 ஹெச்பி, டிஓஎல் ஸ்டார்டர் (மோட்டாரை நேரா லைன்ல கோக்கிறது). கேபிள் தட்டை கேபிள், மூணு கோரும் ஒரே உறைக்குள்ள இருக்கும். உறையோட சேர்த்துப் பிடிச்சா மூணும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுச் சைபர் காட்டும். ஸ்டார்டர் பக்கத்துல கோர்களைப் பிரிச்சு ஒவ்வொண்ணா பிடிங்க. தண்ணி வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு அளக்கணும். அந்த நேரத்து வோல்டேஜையும் கூடவே எழுதணும், வோல்டேஜ் இல்லாத ஆம்ப்ஸ் கணக்கு பாதிக் கணக்குதான்.

9.8, 10.4, 8.9ன்னு வந்துச்சுன்னு வைங்க. சராசரி 9.7. அதிலிருந்து ரொம்பத் தள்ளி நிக்கிறது 8.9, வித்தியாசம் 0.8. 0.8ஐ 9.7ஆல வகுத்தா 8 சதவீதத்துக்கு மேல. 5 சதவீதம் தாண்டினாலே பார்க்கணும். கோளாறு லைன்லயா மோட்டார்லயான்னு தெரிய, மெயினை ஆஃப் பண்ணிட்டு மோட்டார் வயர் மூணையும் ஒரே திசையில ஒரு டெர்மினல் தள்ளி மாத்துங்க. மூணும் சேர்ந்து நகர்றதால சுத்துற திசை மாறாது. மறுபடி அளங்க. குறைஞ்ச ரீடிங் அதே ஃபேஸ்லயே நின்னா லைன் பக்கம்: ஃபியூஸ் கேரியர், காண்டாக்டர் பாயிண்ட், கம்பத்து ஜம்பர். வயரோட சேர்ந்து நகர்ந்தா கேபிள், ஜாயின்ட் அல்லது வைண்டிங். மோட்டாரை மேலே தூக்குற செலவுக்கு முன்னாடி இதைப் பார்த்தே ஆகணும். பாதி நேரம் பழுது மேலேயே இருக்கும்.

எப்பவும் ஓடுற ஆம்ப்ஸை விட நல்லா குறைஞ்சா தண்ணி மட்டம் இறங்கிடுச்சு, இல்ல இம்பெல்லர் தேஞ்சுடுச்சு. கூடினா மண்ணு சிக்கினது, புஷ் தேஞ்சது, வோல்டேஜ் குறைவு, இந்த மூணுல ஒண்ணு. ஒரு ஃபேஸ் சைபர், மத்த ரெண்டும் ஏறியிருந்தா உடனே நிறுத்துங்க.

7.5 ஹெச்பி ஸ்டார்-டெல்டாவுல (முதல்ல குறைஞ்ச வோல்டேஜ்ல கிளப்பி, பிறகு முழுசுக்கு மாத்துற ஸ்டார்டர்) நிறைய பேர் தப்பு பண்றது ஓவர்லோடு ரிலே செட்டிங்ல. மெயின் காண்டாக்டருக்குக் கீழே ரிலே இருந்தா அதுல ஓடுறது லைன் கரண்ட் இல்ல, அதுல 0.58 பங்குதான். நேம் பிளேட்ல 12 ஆம்ப்ஸ்னா ரிலே 7ல நிக்கணும். 12ல வச்சா மோட்டார் எரியுற வரைக்கும் ரிலே சும்மாவே இருக்கும். போருக்குள்ள இறங்குற ஆறு வயர்ல கிளாம்ப் போட்டாலும் 7தான் வரும், லைன்ல போட்டா 12. எங்கே அளந்தீங்கன்னு எழுதி வைங்க.

டிஓஎல்ல ஸ்டார்ட் ஆகும்போது ஆறேழு மடங்கு இழுக்கும். சாதாரண மீட்டர் திரை நொடிக்கு ரெண்டு மூணு தடவைதான் மாறும், அதனால மேக்ஸ் பட்டன்ல வர்ற நம்பரை ஸ்டார்டிங் கரண்ட்னு எடுக்காதீங்க. இன்ரஷ் பட்டன் இருக்கிற மீட்டர், கரண்ட் ஏறின உடனே சுமார் 100 மில்லி செகண்ட் அளவை மட்டும் பிடிச்சுக் காட்டும். எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு விழுற சுவிட்ச்) ஸ்டார்டிங்ல விழுதுன்னு கூப்பிடுற இடத்துல இதுதான் பேசும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார்னா கப்பாசிட்டரை ஓடும்போதே சோதிக்கலாம். கப்பாசிட்டர் வயர்ல ஆம்ப்ஸ், அதோட ரெண்டு முனையில வோல்ட். 3183ஐ ஆம்ப்ஸால பெருக்கி வோல்ட்டால வகுத்தா மைக்ரோஃபாரட் வரும். மேலே 50ன்னு அச்சடிச்சிருந்து கணக்குல 38 வந்தா மாத்திடுங்க.

———

எர்த்பிட் எழுதியது:

உங்க நாலு வேலையில கஷ்டமானது முதல் வேலைதான். அதுக்கு மேலே சொன்ன எந்த மீட்டரும் போதாது. லீக்கேஜ் கிளாம்ப்னு தனியா வரும், கடைசி டிஜிட் 0.01 மில்லி ஆம்ப் அல்லது 0.001 மில்லி ஆம்ப். வெளிக் காந்தம் புகாம ஜாவுக்குக் கவசம் இருக்கும். விலை கூடுதல்தான். ஆனா விடுதி வீடுகளைத் தொடர்ந்து பார்க்கிறவருக்கு இது இல்லாம வேலை நடக்காது.

30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி 30லதான் விழும்னு இல்ல. 15க்கு மேல எங்கே வேணும்னாலும் விழலாம். அதனால எப்பவும் ஓடிக்கிட்டிருக்கிற கசிவு 9, 10 மில்லி ஆம்ப்ஸைத் தாண்டக் கூடாது. ஓம் கணக்குல பார்த்தா 230 வோல்ட்ல 10 மில்லி ஆம்ப்னா 23 கிலோ ஓம். ஈரம் ஏறின சுண்ணாம்புச் சுவர்ல, ரப்பர் உறை காய்ஞ்சு வெடிச்ச வயர் பட்டுக்கிட்டிருந்தா அது சுலபமா வந்துடும்.

அளக்கிற முறை இதுதான். ஆர்சிசிபிக்குக் கீழே ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஜாவுக்குள்ள விடுங்க, எர்த் வயரை விடக் கூடாது. மூணு ஃபேஸ்னா நாலு வயரும் சேர்ந்து. போன கரண்ட் முழுக்கத் திரும்பினா சைபர், திரும்பாததுதான் ரீடிங். வயரைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி காலி ஜாவை மூடி அந்த இடத்துலயே காட்டிப் பாருங்க. காலியாவே 2 மில்லி ஆம்ப் காட்டினா பக்கத்துல பெரிய கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம், கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. ஜா ரெண்டும் சேர்ற முகத்துல சுண்ணாம்புத் தூசி ஒட்டியிருந்தாலும் ரீடிங் கெடும். மெல்லிய துணியால துடைச்சுட்டுப் போடுங்க.

அப்புறம் எம்சிபிகளை ஒவ்வொண்ணா இறக்கிப் பாருங்க. எதை இறக்கினதும் நம்பர் விழுதோ அந்த சர்க்யூட். இங்கே ஒரு இடம் எல்லாரையும் ஏமாத்தும். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டுது. நியூட்ரல் எங்கேயாவது எர்த்தைத் தொட்டுக்கிட்டிருந்தா எம்சிபி எல்லாத்தையும் இறக்கினாலும் அந்தத் தொடுப்பு அப்படியே இருக்கும். அதோட ரீடிங், வீட்டுல லோடு ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். இந்தக் குணத்தைப் பார்த்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல் லிங்க்ல இருந்து வயர்களை ஒவ்வொண்ணா கழட்டி, மெக்கர்ல (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) எர்த்துக்கு 500 வோல்ட் போட்டுப் பாருங்க. எல்இடி, இன்வெர்ட்டர், ஏசி எல்லாத்தையும் முதல்ல பிரிச்சுடணும், இல்லன்னா அதுங்க போயிடும்.

ரீடிங் மில்லி ஆம்ப்ல இல்லாம 0.4, 0.7 ஆம்ப்ஸ்னு வந்தா அது ஈரக் கசிவே இல்ல. ஒரு சர்க்யூட்டோட ஃபேஸும் இன்னொரு சர்க்யூட்டோட நியூட்ரலும் கலந்திருக்கு. பழைய நீள வீடுகள்ல இது சாதாரணம். வளவுல இருந்து ஃபேஸ் எடுத்து, ரெண்டாங்கட்டு ஜங்ஷன் பாக்ஸ்ல கிட்டத்துல கிடைச்ச நியூட்ரலைக் கோத்திருப்பாங்க. ஒரே ஃபியூஸ் இருந்த காலத்துல அது தெரியாது. ரெண்டு ஆர்சிசிபியா பிரிச்ச அன்னைக்கே அந்த லைட்டைப் போட்டதும் ரெண்டும் விழும். இதைக் கண்டுபிடிக்க மட்டும்னா லீக்கேஜ் மீட்டர் வேண்டாம், 1 மில்லி ஆம்ப் டிஜிட் இருக்கிற சின்ன ஏசி-டிசி கிளாம்ப்பே போதும். யூனி-டி யூடி210இ அப்படிப்பட்டது, 2 ஆம்ப்ஸ் ரேஞ்ச் இருக்கு. ஆனா அதை வச்சு 5 மில்லி ஆம்ப் கசிவைத் தேடாதீங்க, டிஜிட் பிழையே அந்த அளவுக்கு வந்துடும்.

தயவுசெஞ்சு ஒண்ணு. கசிவு கிடைக்கலைன்னு 30ஐக் கழட்டிட்டு 100 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போட்டுக் கொடுக்காதீங்க. விடுதிக் குளியலறையில ஈரக் கையோட கீசர் சுவிட்சைத் தொடுறவர் உயிர் அந்த 30லதான் இருக்கு. லோடு கூடுதல்னா சர்க்யூட்டைப் பிரிச்சு ரெண்டு மூணு 30 போடுங்க.

———

ஸ்ட்ரிங்பாக்ஸ் எழுதியது:

சோலாருக்கு ஆம்ப்ஸை விட வோல்டேஜ்தான் மீட்டரைத் தீர்மானிக்கும். 540 வாட் பேனல் ஒண்ணுக்கு ஓப்பன் சர்க்யூட்ல 49-50 வோல்ட், ஷார்ட் சர்க்யூட்ல 13-14 ஆம்ப்ஸ். பத்து பேனலை வரிசையா கோத்த ஸ்ட்ரிங்னா 500 வோல்ட். மூணு ஃபேஸ் இன்வெர்ட்டர்ல பதினாறு, பதினெட்டு பேனல் போடுவாங்க, 800-900 வோல்ட் வரும். காலைக் குளிர்ல இன்னும் ஏறும். 600 வோல்ட் மீட்டரோட பின்னை அதுல குத்தக் கூடாது. இன்சுலேஷன் உள்ள வயர் மேல ஜாவை மட்டும் போட்டு ஆம்ப்ஸ் பார்க்கிறது வேற, பின்னைக் குத்துறது வேற. அந்த மாதிரி இடத்துக்குப் போறதா இருந்தா டிசி 1000 வோல்ட் எழுதியிருக்கிற மீட்டரும் அதே மதிப்புள்ள லீடும் வேணும்.

வெயில் மேகம் மாத்தாம இருக்கிற நேரமா பார்த்து எல்லா ஸ்ட்ரிங்கையும் சட்டுன்னு ஒரே மூச்சுல அளங்க. ஒரே திசை, ஒரே எண்ணிக்கை ஸ்ட்ரிங்குகளுக்குள்ள வித்தியாசம் சில சதவீதம்தான் இருக்கணும். ஒண்ணு மட்டும் தாழ்ந்தா நிழல், புறா எச்சம், உருகின எம்சி4 (பேனல் வயர் கனெக்டர்), இந்த வரிசையில பாருங்க. லோடு ஓடும்போது எம்சி4ஐக் கழட்டக் கூடாது. ஏசில அணைஞ்சுபோற பொறி டிசில அணையாம எரியும். இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரை இறக்கி, கிளாம்ப்ல சைபர் பார்த்த பிறகுதான் கை வைக்கணும்.

வீட்டு யூபிஎஸ்: 12 வோல்ட் பேட்டரியில 500 வாட் லோடுன்னா இன்வெர்ட்டர் இழப்போட சேர்த்து 50 ஆம்ப்ஸ் பக்கம் ஓடும். பேட்டரி வயர் தடிமன் உங்க ஜாவுக்குள்ள போகுதான்னு பார்த்துக்குங்க, யூடி210இ ஜா 17 மி.மீ.தான்.

———

பேனல்போர்டு (புதுவயல்) எழுதியது:

மில்லுக்கு 50 ஹெச்பி மோட்டார் 70 ஆம்ப்ஸ் பக்கம். மெயின் ஃபீடர்ல கேபிள் தடிமன்தான் பிரச்சினை, ஜாவுக்குள்ள போகாது. அங்கே வளையுற காயில் மாதிரி வர்ற ஃப்ளெக்ஸிபிள் ப்ரோப். பஸ்பாரைச் சுத்தியும் போடலாம், ஆனா சப்ளையை நிறுத்திட்டு மாட்டணும். ஏசிக்கு மட்டும்தான், சின்ன கரண்ட்ல நம்பிக்கை கிடையாது. எப்பவாவதுதான் போறீங்கன்னா வாங்க வேண்டாம், மில்லுலயே பேனல் மீட்டர் இருக்கும். பேனல் சிடி 200/5 ஆக இருந்தா, செகண்டரி வயர்ல உங்க 40.00 ரேஞ்சைப் போட்டு 40ஆல பெருக்குங்க. சிடி செகண்டரியை லோடோட எக்காரணம் கொண்டும் கழட்டக் கூடாது, திறந்த முனையில ஆபத்தான வோல்டேஜ் ஏறும்.

பவர் ஃபேக்டர் கப்பாசிட்டரை மாசம் ஒருதடவை கிளாம்ப்ல பார்க்கலாம். 440 வோல்ட்ல 10 கேவிஏஆர்னு எழுதின மூணு ஃபேஸ் கப்பாசிட்டர் 415 வோல்ட்ல ஒவ்வொரு ஃபேஸ்லயும் 12.4 ஆம்ப்ஸ் இழுக்கணும். 8, 9 வந்தா அது செத்துக்கிட்டு இருக்கு. 15க்கு மேல போனா ஹார்மோனிக்ஸ் (அலை வடிவம் கெட்டுப்போறது), விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்) எங்கே இருக்குன்னு தேடுங்க. இதுக்கு ட்ரூ ஆர்எம்எஸ் கட்டாயம்.

மோட்டாருக்கு ட்ரூ ஆர்எம்எஸ் முக்கியமில்லன்னு மேலே ஒரு அண்ணன் சொன்னது நேரா லைன்ல ஓடுற மோட்டாருக்குச் சரி. விஎஃப்டியில ஓடினா வேணும். அதோட விஎஃப்டி அவுட்புட்ல வோல்டேஜ் பார்க்க, வேகமான துடிப்பை வடிகட்டுற லோ-பாஸ் ஃபில்டர் இருக்கிற மீட்டர்தான், இல்லன்னா டிரைவ் திரையில 400ன்னு இருக்கும்போது மீட்டர் வேற எதையோ காட்டும்.

மில் போர்டுல கேட் 3 (மீட்டர் மேல எழுதியிருக்கிற பாதுகாப்பு வகை), 600 வோல்ட்டுக்குக் குறைஞ்ச மீட்டரைத் தொடாதீங்க. ஷார்ட் சர்க்யூட் ஆனா அங்கே வர்ற கரண்ட் வீட்டு போர்டு மாதிரி இல்ல.

———

வளவுவயரிங் எழுதியது:

எல்லா அண்ணன்மாருக்கும் நன்றி. முதல்ல 40.00 ரேஞ்ச் இருக்கிற ட்ரூ ஆர்எம்எஸ் ஏசி-டிசி, கேட் 3, 600 வோல்ட். அடுத்தது லீக்கேஜ் கிளாம்ப். 1000 ஆம்ப்ஸ் வேண்டாம். சரிதானே? காரைக்குடியில கடையில வாங்கும்போதே சரிபார்க்க வழி உண்டா?

———

ஆம்ப்ஸ்கணக்கு எழுதியது:

சரி தம்பி. ரெண்டும் ஒண்ணா வாங்க முடியலைன்னா விடுதி வேலை வர்ற அன்னைக்கு லீக்கேஜ் மீட்டரை வாடகைக்கோ கடனுக்கோ எடுங்க. ஆர்சிசிபி பிரச்சினையை ஊகத்துல தீர்க்க முடியாது.

கடைக்கு ஒரு மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் வயர் எடுத்துட்டுப் போங்க. நடுவுல வெளி உறையை மட்டும் ஒரு சாண் உரிச்சு ஃபேஸ், நியூட்ரல் தனித்தனியா தெரியணும், உள் உறையில கீறல் படக் கூடாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸைச் சொருகுங்க. 230 வோல்ட்ல 4.3 ஆம்ப்ஸ் பக்கம் வரணும். வயரை ஜாவோட நடுவுல, ஓரத்துல, மூலையில நகர்த்திப் பாருங்க. ரீடிங் 2, 3 சதவீதத்துக்கு மேல ஆடினா வேண்டாம். ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்துப் பிடிச்சா சைபர் வரணும். ஜாவை இருபது தடவை திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் அதே ரீடிங் வருதான்னு பாருங்க. டிசிக்குக் கடைக்காரர் பைக் பேட்டரி வயர்ல ஹெட்லைட் போட்டாலே போதும், ஜாவைத் திருப்பிப் பிடிச்சா அதே நம்பர் மைனஸ்ல வரணும்.